முகம், வருஷம், கணக்கு

நம் ஸ்தபதிக்கு முகம் என்பது முதலில் ஓர் அளவுகோல். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் தையற்காரரின் இஞ்சு அல்ல. அந்தந்தப் பிரதிமையின் உயரத்திலிருந்தே பிறந்து அதனோடு முடிந்துபோகிற அலகு. பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு என்று சாஸ்திரங்கள் வகுத்துவைத்திருக்கின்றன. து. அ. கோபிநாதராவ் இதைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதினார்; அது 1920-இல் வெளிவந்தது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி (1927-2011) எங்கள் பக்கத்துப் பிள்ளையார்பட்டிக்காரர். அவ்வளவு பெரிய கல்லுருவமும் ஒரு முகத்தின் மடங்குகளாகவே எழுந்தது.

இந்தக் கணக்கில் வயது இருக்கிறதா என்பது என் கேள்வி. ஓரளவுக்கு இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவனுக்கு ஏழிலோ எட்டிலோ ஒரு பங்கு. நாலு தாலம் என்று விதித்தவர் ஒரு கைக்குழந்தையை உற்றுப் பார்த்தவர்தான். ஆனால் அவர் பார்த்தது உடம்பை. முகத்துக்குள்ளே பார்த்தால் நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, அதற்குக் கீழே ஒரு பங்கு என்ற சமபாகம் பெரிதும் அப்படியே நின்றுவிடுகிறது. தவழும் கிருஷ்ணன், நடமாடும் கிருஷ்ணன், கிண்ணம் ஏந்திய சம்பந்தர் என்று நான் பார்த்த வெண்கலங்களில் பலவற்றின் முகம், வாலிப முகத்தைச் சிறிதாக்கி வைத்ததுபோலவே எனக்குத் தோன்றுகிறது. காரைக்காலம்மையார் விஷயத்தில் மட்டும் சிற்பி துணிந்து கன்னத்தை ஒட்டவைத்தான், கழுத்து நரம்பை எழுப்பினான். ஆனால் அதுவும் முதுமை அல்ல. புராணப்படி அவள் ஒரு கணத்தில் சதையை உதறியவள். இடைப்பட்ட வருஷங்கள் அங்கே கிடையாது.

கவிதையில் என்ன நிலைமை? பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். அத்தனையும் செயல்கள்: தலையசைப்பது, கைகொட்டுவது, தளர்நடை, சிறுதேர். முகம் எப்படி மாறிற்று என்று கேட்டால் அங்கே பதில் இல்லை. உலாவுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம். பாட்டியல்காரர்கள் நாற்பதில் கணக்கை மூடிவிடுகிறார்கள். நாற்பத்தொன்றாம் வயதுக்குத் தமிழ் இலக்கணத்தில் பெயர் இல்லை என்பதை யாராவது ஒரு பெண் விமர்சகர் எழுதினால் நன்றாக இருக்கும்.

முகத்துக்குள் நிகழும் மாற்றத்தைக் கோடுகளால் பிடிக்கலாம் என்று முதலில் கண்டவர், எனக்குத் தெரிந்தவரை, ஜெர்மானிய ஓவியர் ட்யூரர். மனித விகிதங்கள் பற்றிய அவருடைய நான்கு புத்தகங்கள் 1528-இல், அவர் இறந்த சில மாதங்களில் அச்சாயின. ஒரு முகத்தின் மேல் கட்டம் போடுகிறார். பிறகு முகத்தை விட்டுவிட்டுக் கட்டத்தைச் சாய்க்கிறார், இழுக்கிறார், நெருக்குகிறார். கட்டத்தோடு முகமும் போய் இன்னொரு ஆளாகிவிடுகிறது. கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழித்து ஸ்காட்லாந்தில் டார்ஸி தாம்ஸன் இதே வேலையை உயிரியலுக்குக் கொண்டுபோனார். 1917-இல் வெளிவந்த அவர் நூலின் கடைசிப் பகுதியில் ஒரு மீன் கட்டத்தோடு வளைந்து வேறொரு மீனாகிறது. மனித மண்டையோடு சிம்பன்ஸியின் மண்டையோடாகிறது. அவர் சொன்னது எளிய விஷயம். உறுப்புகளைத் தனித்தனியாக ஒப்பிடாதே. முழு வடிவத்தின் மேலும் இயங்குகிற ஒரே விசையைத் தேடு. இலக்கிய விமர்சனத்தில் இன்னும் உவமையை எண்ணிக்கொண்டிருக்கிற நம் பேராசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லாமல் மேலே போகிறேன்.

அதே காலத்தில் சென்னையில் முகத்தை அளந்தவர் ஒருவர் உண்டு. எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் 1908 வரை எழும்பூர் மியூஸியத்தின் தலைவர். மண்டையின் நீள அகலமும் மூக்கின் நீள அகலமும் இடுக்கிக் கருவியால் எடுத்து, ஜாதிக்கு ஜாதி சராசரி போட்டு வைத்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கும் ஓர் இடம் உண்டு. தர்ஸ்டனின் அட்டவணைகளைப் புரட்டும்போது எனக்கு உறுத்துவது அவற்றின் அசையாத்தன்மை. அளக்கப்பட்ட மூக்கு ஒரு காலத்தில் குழந்தை மூக்காக இருந்தது, இன்னும் முப்பது வருஷத்தில் தொங்கப்போகிறது என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது. ஜாதியின் முகம் வேண்டுமானால் வருஷத்தை நீக்கித்தான் ஆகவேண்டும். வருஷத்தைச் சேர்த்துவிட்டால் ஓர் ஆளின் முகமே இத்தனை தூரம் நகர்கிறதே, ஜாதியின் சராசரிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழுந்துவிடும்.

வருஷத்தைச் சேர்த்தவர்கள் 1975-இல் வந்தார்கள். பிட்டன்ஜர், ஷா என்ற இரண்டு அமெரிக்க உளவியல்காரர்கள். அவர்கள் கணக்கையும், 1980-இல் டாட் முதலியோர் அதைத் திருத்தியதையும் முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். தலையைப் பக்கவாட்டில் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே, காதை ஒட்டிய உயரத்தில் ஒரு மையம். அங்கிருந்து உச்சிக்கு ஒரு கோடு. அது பூஜ்யம் டிகிரி. முகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மையத்திலிருந்து ஒரு தூரம் உண்டு, உச்சிக்கோட்டிலிருந்து ஒரு கோணம் உண்டு. அந்தத் தூரத்தை 1 + க (1 − கோணத்தின் கொசைன்) என்பதால் பெருக்க வேண்டும். ‘க’ என்பது வளர்ச்சியின் அளவு. உச்சியில் கொசைன் ஒன்று, அடைப்புக்குள் பூஜ்யம். எனவே உச்சி அசையாது. நேர் முன்னே, தொண்ணூறு டிகிரியில், பெருக்கம் 1 + க. கீழே போகப் போக அது 1 + 2க-வை நெருங்கும். ‘க’வைப் பத்தில் ஒன்று என்று வைத்தால் முகத்தின் நடுப்பகுதி நூற்றுக்குப் பத்து முன்னே வருகிறது, தாடைப்பக்கம் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. ஒரு வட்டத்தின் மேல் இதைச் செலுத்தினால் இதய வடிவம் கிடைக்கும். அதனால் இதற்கு இதய வளைவுத் திரிபு என்று பெயர்.

இது எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீர் நிரம்பிய ஒரு தோல்பையை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். அழுத்தம் கூடுகிற இடத்தில் எலும்பு அதிகம் படியும். உண்மையில் நடப்பதும் ஏறத்தாழ அதற்கு இணக்கமாகவே இருக்கிறது. குழந்தையின் மூளை முந்திக்கொண்டு வளர்கிறது. ஆறு வயதுக்குள் பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிடும். பிறக்கும்போது மண்டைப்பெட்டியில் எட்டில் ஒரு பங்காக இருந்த முகம், வளர்ந்தவனிடம் அதில் பாதியை எட்டிப் பிடிக்கிறது. பல்லுக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டி முகம் கீழேயும் முன்னேயும் போகிறது. குழந்தையின் கண்கள் தலையின் பாதி உயரத்துக்குக் கீழே இருப்பதும், பிறகு பாதிக்கு ‘ஏறி’விடுவதும் இதனால்தான். கண் ஏறவில்லை; தாடை இறங்கியது.

இந்தக் கணக்கை அவர்கள் முகத்தோடு நிறுத்தவில்லை. நாய்த்தலை, பறவைத்தலை, கடைசியில் வண்டு வடிவ வோக்ஸ்வாகன் கார் வரை செலுத்திப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எது குட்டிக் கார், எது வயதான கார் என்று தயங்காமல் வரிசைப்படுத்தினார்கள். வளராத ஒன்றில் வளர்ச்சி தெரிகிறது என்றால் நம் கண் உறுப்பைப் பார்க்கவில்லை, திரிபைப் பார்க்கிறது. கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் பெரிய நெற்றி, தாழ்ந்த கண், உப்பிய கன்னம் என்று குழந்தை முகத்தின் அடையாளங்களை அடுக்கினார். இவர்கள் அந்தப் பட்டியலை ஒரே வரியாக்கிவிட்டார்கள். (2014-இல் நின்றுபோன அம்பாஸடர் காரை யாரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை. அது பிறக்கும்போதே நடுவயது.)

ஒரே ‘க’ முகம் முழுவதற்கும் போதாது என்பது அடுத்த கட்டம். இங்கே நமக்கு அருகில் வரும் ஒரு பெயர் ராம செல்லப்பா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1975-இல் பொறியியல் முடித்து, பெங்களூர் வழியாக அமெரிக்கா போய், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பல வருஷங்கள் இருந்தவர். 2020 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில். அவரும் மாணவர் நாராயணன் ராமநாதனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் 24 குறிப்பிடங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனி வளர்ச்சி அளவு கொடுத்தார்கள். மூக்கின் நுனி ஒரு வேகம், வாயோரம் ஒரு வேகம். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரின் படத்தைக் கொடுத்தால், இன்ன வயதில் இப்படி இருப்பார் என்று கணினி வரைந்துவிடும். வேகங்களுக்கு வேண்டிய அளவுகள் எங்கிருந்து? டொராண்டோவில் இருந்த மருத்துவர் ஃபார்கஸ், குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை வயதுவாரியாக முகங்களை அளந்து எழுதிவைத்த நூலிலிருந்து. ஃபார்கஸ் அளந்தவர்கள் முக்கியமாக வட அமெரிக்க வெள்ளையர்கள். கிண்டியில் படித்தவர் செய்த சூத்திரத்துக்குள்ளே ஓடுவது டொராண்டோப் பிள்ளைகளின் மோவாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்த அளவைத்தானே எடுக்க முடியும். நம்மிடம் தர்ஸ்டன் விட்டுப்போன அளவுகள் இருந்தன. அவற்றில் வயது இல்லை.

இதுவரை சொன்னது வளர்ச்சி. முதுமை வேறு விவகாரம், அதற்கு இவ்வளவு அழகான வரி கிடையாது. எலும்பு கூடுவதற்குப் பதில் கரைகிறது. கண்குழி அகல்கிறது. பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பும் தேய்ந்து, மோவாய் மூக்கைத் தேடி மேலே வருகிறது. தோலின் மீள்தன்மை போய், கன்னத்துச் சதை இறங்கி, மூக்கோரம் ஒரு வாய்க்கால் விழுகிறது. வெயில், புகையிலை, வறுமை, பிள்ளைப்பேறு எல்லாம் இதில் கைவைக்கும். இருபது வயதுவரை எல்லா முகங்களும் ஒரே திசையில் போகின்றன. அதற்கப்புறம் ஆளுக்கொரு திசை.

நான் பிழைப்புக்கு ஒக்கூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதாகச் சான்று தரவேண்டிய மாதம். பென்ஷன் புத்தகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒட்டியிருக்கும். ஒரு முறை குடும்பப் பென்ஷன் வாங்கும் ஓர் ஆச்சி கவுண்டருக்கு வந்தார்கள். கணவர் வாத்தியாராக இருந்தவர். படத்தில் முப்பது வருஷத்துக்கு முந்தைய முகம். நான் படத்தையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்ததில் கொஞ்சம் நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

“என்ன தம்பி, ஆள் வேற மாதிரித் தெரியுதா?”

“இல்லை ஆச்சி, வழக்கமாப் பார்க்கிறதுதான்.”

“பல்லெல்லாம் போச்சு. இப்ப கண்ணாடியப் பார்த்தா எங்க ஆத்தாதான் நிக்கிறாக.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அந்த வாக்கியம் எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் குறைந்ததல்ல. வயதாவது என்பது நம் முகத்தைவிட்டு விலகுவது மட்டுமல்ல, குடும்பத்தின் முகத்துக்குள் போய்ச் சேர்வதும்தான். அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளின் படத்தை வருஷக்கணக்கில் வளர்த்து வரைகிறவர்கள் செய்வதும் இதுவே. அந்த வயதில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் எப்படி இருந்தார்கள் என்ற படங்களைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் முகத்தோடு கலக்கிறார்கள். இதன் தொடக்கத்தில் ஒரு கலைஞர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நான்ஸி பர்ஸன் என்ற நியூயார்க் பெண், முகத்தை வேறு வயதுக்குக் கொண்டுபோகும் கருவிக்கு ஷ்னைடர் என்பவரோடு சேர்ந்து 1981-இல் காப்புரிமை பெற்றார். கலைக்காகச் செய்தது போலீஸுக்குப் போயிற்று.

வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது ஒன்று. வந்து நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு பழைய படத்தைத் தேடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு இந்தியாவின் பெரிய உதாரணம் பாவல் சந்நியாசி வழக்கு. டாக்கா அருகே பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது. பன்னிரண்டு வருஷம் கழித்து விபூதி பூசிய ஒரு சாமியார் டாக்காவுக்கு வந்தார். அவரே குமாரர் என்று சகோதரிகள் சொன்னார்கள், இல்லை என்று மனைவி சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். இரு தரப்பும் புகைப்படக்காரர்களையும் ஓவியர்களையும் கூண்டில் ஏற்றின. ஒரே ஜோடிப் படங்களைப் பார்த்து ஒரு நிபுணர் அதே ஆள் என்றார், இன்னொருவர் வேறு ஆள் என்றார். பன்னாலால் பாசு 1936-இல் சாமியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1946-இல் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. நீதிபதி முகத்தோடு நிற்கவில்லை. தழும்பு, பாதத்துத் தோல், நடை, குடும்பத்தினர் பார்த்த மாத்திரத்தில் அழுத விதம் என்று அத்தனையையும் கூட்டிப் பார்த்தார். இருபத்தைந்துக்கும் முப்பத்தேழுக்கும் நடுவே என்ன நிகழும் என்பதற்கு அன்று யாரிடமும் சூத்திரம் இல்லை. இன்றும், அந்த வயதுகளுக்கு, நிகழக்கூடியதைத்தான் சொல்ல முடியும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் பிரச்னை சுவரில் தொங்குகிறது. வளவைச் சுற்றி வரிசையாகப் படங்கள். சிலது எண்ணெய் ஓவியம், சிலது புகைப்படத்தின் மேல் வர்ணம் தீட்டியது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொழும்புக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர்கள் புறப்படுமுன் ஒன்று எடுத்துக்கொள்வார்கள், திரும்பியபின் ஒன்று. போகும்போது கைக்குழந்தையாக இருந்தது, வரும்போது ஓடி ஒளியும். மூன்று வருஷத்தில் தகப்பன் முகம் அதிகம் மாறுவதில்லை. குழந்தையின் முகம் ‘க’ அளவில் வெகுதூரம் போயிருக்கும். யார் யாரை அடையாளம் காணவில்லை என்பதைச் சரியாகச் சொன்னால், தகப்பன்தான் குழந்தையைக் கண்டிருக்க முடியாது. நம் கதைகள் இதைத் தலைகீழாகவே எழுதிவந்திருக்கின்றன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தபின் கால்நடையாகப் புறப்பட்டு வந்து சேராதவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது படம் கிடையாது. மனைவியின் படம் அறுபதுக்கும் எழுபதுக்கும் போயிருக்க, பக்கத்துச் சட்டத்தில் கணவர் இருபத்துமூன்றில் நிற்கிறார். விவரம் தெரியாதவர்கள் பாட்டியும் பேரனும் என்று நினைப்பார்கள்.

ஒக்கூர் மாசாத்தியார் இந்த ஊர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுகிறோம். அவர் பெயரில் நிற்பவை எட்டுப் பாடல்கள். அவற்றில் ஒன்றான குறுந்தொகை 126-இன் பேச்சே, பொருள் தேடிப் போனவன் இளமையை எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான். உரைகாரர்கள் அதைப் பிரிவு, பருவம் என்று வகுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வளவில் நின்று படிக்கிறபோது அது ஒரு பௌதிகமான புகாராகக் கேட்கிறது: இந்த முகம் இப்படியே இருக்காது, நீ திரும்பும்போது பார்க்கப்போவது வேறு.

கோட்டையூர்க்காரரான ஏ. கே. செட்டியார் இங்கே நினைவுக்கு வருகிறார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று கண்டம் கண்டமாகச் சுற்றி, பலர் பல வருஷங்களில் எடுத்த ஏறத்தாழ 50,000 அடி ஃபிலிமைச் சேகரித்து 1940-இல் படமாக்கினார். அதைத் தேசபக்தி வரலாற்றில் சேர்த்துவிட்டோம். ஒரே மனிதனின் வெவ்வேறு வருஷத்து முகங்களை உலகமெல்லாம் பொறுக்கி வரிசைப்படுத்தியவர் என்ற கோணத்திலும் பார்க்க வேண்டும். மீசையும் தலைப்பாகையுமாக இருந்தவரும் பல் உதிர்ந்தவரும் ஒருவரே என்று நமக்குச் சந்தேகமில்லாமல் தெரிவதில், இப்படிப் படங்களைச் சேர்த்து வைத்தவர்களுக்குப் பங்கு உண்டு. மற்றவர்களின் முகங்களை ஸ்டுடியோக்காரர்கள் சேர்த்துவைத்தார்கள். அவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பிரதி எடுத்திருக்கிறார்கள். கரையானுக்குப் போனது மிச்சம்.

சர்க்காரும் தன் வழியில் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆதாரில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் முகத்தையும் ரேகையையும் புதுப்பிக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயதுவரை. பெரியவர்களுக்குப் பத்து வருஷம். இந்த எண்களை வகுத்தவர்கள் பிட்டன்ஜரைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் வளைவு அதேதான். 2014-இல் வந்த மின்னணு உயிர்ச்சான்றில் 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும். பென்ஷன்காரர் வீட்டிலிருந்தபடி கைபேசியைப் பார்க்கிறார். பதிந்து வைத்த முகத்தோடு அது ஒத்துப் பார்க்கிறது. முன்பு கிளார்க் செய்த வேலை. கிளார்க்குக்குக் கூடுதலாக ஒன்று தெரியும்: ஆச்சிக்கு ஓர் ஆத்தா இருந்தார்கள் என்பது.

கடைசியாக ஒரு செய்தி. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை என்ற இடுகாட்டுத் தளம். அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் கணினியில் முகம் கொடுத்தது. 2025-இல் படங்கள் வெளியாயின. ஏறத்தாழ 2,500 வருஷத்துக்கு முந்தைய ஆட்கள். உடனே பத்திரிகைகளில், இவர்கள் யாருடைய முன்னோர், எந்த இனம் என்ற சண்டை. தர்ஸ்டன் இன்னும் உத்தியோகத்தில்தான் இருக்கிறார். நான் அந்தப் படங்களை வேறு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டையோடு இறந்த வருஷத்து வடிவத்தை மட்டும் தருகிறது. முகம் அந்த வயதில் வந்து நிற்கிறது. ‘க’வுக்கு எதிர்க்குறி போட்டால் கணக்கு பின்னாலும் ஓடும். தாடை மேலேறி, நெற்றி பெரிதாகி, கண் தாழ்ந்து, அந்த இரண்டு பேரும் பையன்களாவார்கள். லிவர்பூல்காரர்களிடம் அதற்கு வேண்டிய கருவி இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளின் வயதுவாரி அளவுகளை யாராவது எடுத்துக் கொடுத்தால், டொராண்டோ மோவாய் இல்லாமலே அதைச் செய்து பார்க்கலாம்.